சித்திரைச் சிறுமாரி: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் குளக்கரைத் தரவையில் கொட்டிய மழை, இரண்டு கட்டை தள்ளியுள்ள ஊரில் தூறவேயில்லை. ஏன்?
– வாசகர், மாங்குளம்

மாரி மழையை வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து பரவலாகக் கொண்டுவரும். சித்திரையில் அந்தக் காற்று ஓய்ந்திருக்கும். தென்மேற்குக் காற்றும் இன்னும் பிடித்திருக்காது. வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் வெயில் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். சூடான தரைக்காற்று மேலெழ, முல்லைத்தீவுப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் கடற்காற்று உள்நுழையும். இரண்டும் முட்டுமிடத்தில் பின்னேரம் இடிமுகில் திரளும். ஒரு முகில் சில கிலோமீற்றர் அகலம்தான். ஆகவே அடுத்த ஊர் மழைக்கணக்கை நம்பிச் சிறுபோகத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

அப்படியென்றால் மழையை நாங்களே அளக்கலாமா?
– மாணவி, நெடுங்கேணி

தாராளமாக. வாய் விட்டம் 11.3 சென்றிமீற்றர் உள்ள புனல் தேடுங்கள். அதன் வாய்ப்பரப்பு 100 சதுர சென்றிமீற்றர். போத்தலில் சேரும் ஒவ்வொரு 10 மில்லிலீற்றரும் 1 மில்லிமீற்றர் மழை. மருந்து ஊசிக்குழாயால் அளந்தால் போதும். வேறு புனலென்றால், சேர்ந்த மில்லிலீற்றரைப் பத்தால் பெருக்கி, வாய்ப்பரப்பால் வகுக்கவும். போத்தலில் அளவுகோலை ஒட்டி வாசிப்பது பெரும்பாலும் பிழைக்கும்: அடி வளைந்திருக்கும், புனல் வாய் போத்தலைவிட அகலமாக இருக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். பாலையோ வீரையோ நின்றால், மர உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, வெட்டையில் கம்பில் நேராகக் கட்டுங்கள். புனல் சரிந்தால் கணக்கும் சரியும். தினமும் காலை 8.30க்கு அளந்து ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாளும் அந்நேரத்தில்தான் முடிகிறது. இரண்டு நாள் விட்டால் வெயில் குடித்துவிடும். 10 மில்லிமீற்றர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 40,000 லீற்றர் தண்ணீர்.

இடி முழங்கும்போது மருதமரத்தடியில் ஒதுங்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

கூடவே கூடாது. குளக்கட்டிலும் நிற்காதீர்கள். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவென்றால் வீட்டுக்குள் போங்கள். கடைசி முழக்கத்துக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளிக்கிடலாம்.

மழைக்குப் பின் தரவையில் என்ன கவனிக்கலாம்?
– ஆசிரியை, வவுனியா

கொன்றை பூத்த நாள், மருது தளிர்த்த நாள், ஈசல் கிளம்பிய மாலை: மூன்றையும் மழை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆறுமணிக்குருவி இந்தியாவுக்குத் திரும்பும் காலமும் இதுவே. அதன் குரலைக் கேட்ட ஒவ்வொரு நாளையும் குறியுங்கள். எது கடைசிக் குரல் என்பது பிறகுதான் தெரியும்.