மருமகன் தந்த போத்தல்: வாசகர் கேள்வி – பதில்

பாரிசில் 18 வருடம் உணவகக் குசினியில் நின்ற கதையைப் போன இதழில் எழுதினாலும் எழுதினேன், அதுவரை மீன் குழம்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வைனுக்குத் தாவிவிட்டார்கள். சரி, கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த மருமகன் இரண்டு சிவப்பு வைன் போத்தல் தந்தார். "சின்னக் குடும்பத் தோட்டத்துச் சாமான் மாமா, நல்ல பழ வாசம்" என்றார். ஒன்றைத் திறந்தால் ஒரு துளி இனிப்பு இல்லை, புளிக்கிறது. பழுதா? மற்றது சோகேஸில் நிற்கிறது. லேபிளில் மொர்கோன் என்று இருப்பதாகப் பேத்தி வாசித்துச் சொன்னாள். – ஓய்வுபெற்ற அதிபர், களுவாஞ்சிக்குடி

பதில்: பழுதில்லை ஐயா. மருமகனும் பொய் சொல்லவில்லை. குசினியில் பலாப்பழம் இருந்தால் படலைக்கு வரும்போதே மணக்கும், நாக்கில் ஒன்றும் இருக்காது. பிரெஞ்சுக்காரர் சிவப்பு வைனில் 'பழம்' என்று சொல்வது அந்த மணத்தைத்தான். பழத்திலிருந்த சீனியை ஈஸ்ட் தின்று மதுசாரமாக்கிவிட்டது. மிஞ்சியது மணமும் புளிப்பும். நாங்கள் நத்தாருக்கு வாங்குகிற இனிப்புப் போத்தலை மனதில் வைத்துக்கொண்டு குடிப்பதால்தான் முகம் கோணுகிறது.

மொர்கோன் என்பது லியோன் நகருக்கு வடக்கே பொஜொலே என்ற மலைச்சரிவுப் பகுதியில் ஓர் இடம். தன் ஊர்ப் பெயரிலேயே வைன் விற்க உரிமை பெற்ற 10 இடங்கள் அங்கே உண்டு. ஃப்ளூரி, புருயி எல்லாம் அதில் சேர்ந்தவை. பத்துக்கும் சிவப்புப் பழம் ஒன்றே, பெயர் கமே. பாவம், பாடுபட்ட பழம் அது. 1395இல், பொஜொலேக்கு வடக்கே இருக்கிற பர்கண்டியின் பிரபு பிலிப், இது மட்டமான செடி, பிடுங்கி எறியுங்கள் என்று கட்டளையே போட்டார். அவருடைய மண்ணில் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். தெற்கே கருங்கல் உதிர்ந்த மண்ணில் அதே செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிளாசைச் சரித்துப் பாருங்கள், நாவல் பழம் தின்ற பிள்ளையின் நாக்கு நிறம் தெரியும்.

அந்தப் பக்கத்தில் ஒரு செப்டெம்பரில் உணவகத்தில் லீவு போட்டுவிட்டுப் பழம் வெட்டப் போனேன். தோட்டம் 8 ஹெக்டேர், நம் கணக்கில் 20 ஏக்கர். இங்கே அவ்வளவு வயல் வைத்திருக்கும் போடியார் வேலையைப் பார்க்க முல்லைக்காரனை வைத்துவிட்டு வரம்பில் குடை பிடித்து நிற்பார். அங்கே பத்ரோன் என்கிற தோட்ட முதலாளியும் மகனும் மருமகளும் எங்களோடு சேர்ந்து குனிந்து வெட்டினார்கள். செடி முழங்கால் உயரம்தான். ஒரு நிரை முடிக்கையில் இடுப்பு கழன்றுவிடும். வேளாண்மை வெட்டிப் பழகிய உடம்பு என்று வாய் விட்டுப் போனவன் நான். இரண்டாம் நாளே கத்தரி குலைக்காம்போடு என் சுட்டுவிரலையும் நறுக்கிவிட்டது. பத்ரோனின் தாய், எண்பதைத் தாண்டியவர், துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, "இந்த வருடம் வைனுக்கு நிறம் கூடும்" என்றார். ஒன்பது மணிக்கு, இங்கே வயலுக்குத் தேத்தண்ணி வருகிற நேரம், அங்கே பாணும் உலர்ந்த இறைச்சியும் போன வருடத்து வைனும் வரும்.

ஏன் இயந்திரம் போடாமல் கையால் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். விடை தொட்டியில் இருந்தது. பழத்தை நசுக்காமல், குலை குலையாக அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் உள்ளவை பாரத்தில் உடைந்து நொதிக்கும். அதிலிருந்து வரும் கரியமில வாயு மேலே ஏறித் தொட்டியை நிரப்பிவிடும். காற்றில்லாமல், மேலே உடையாத பழம் தன் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். அந்த மணம் அப்போதுதான் பிறக்கிறது. தொட்டிக்கு மேல் தலையை நீட்ட விடமாட்டார்கள், வாயு ஆளை விழுத்திவிடும். பக்கத்தில் நின்றாலே போதும்: ராஸ்பெரி, செர்ரி, மறுகா என்ன தெரியுமா, வாழைப்பழம்! கிடங்கு மூடிப் புகை போட்ட குலையை வெளியே எடுக்கும்போது வருமே, அதே வாசம். நான் சிரித்துவிட்டேன், அவர்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. பழத்தோல் அதிகம் ஊறாததால் துவர்ப்பும் குறைவு. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய சாயத்தண்ணி மாதிரி வாயை இழுக்காது.

குடும்பத் தோட்டமா என்று அறிய லேபிளின் அடியைப் பேத்தியிடம் காட்டுங்கள். 'மி ஆன் பூத்தெய் ஓ தொமேன்' என்றிருந்தால் தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தது. மூடியில் ஒருவர் தோளில் பீப்பாய் சுமக்கிற படம் இருந்தால், தானே விளைவித்துத் தானே விற்கும் தோட்டக்காரர் சங்கத்து முத்திரை.

மற்றப் போத்தலை சோகேஸிலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். குளிர்ந்த நிலவறையில் மொர்கோன் பல வருடம் நிற்கும். களுவாஞ்சிக்குடி வெயிலில், கண்ணாடிக்குப் பின்னால், கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில் நிற்காது. தக்கை மேலே தள்ளியிருந்தால், கழுத்தில் ஒழுகிய கறை இருந்தால், திறந்ததும் வினாகிரி அடித்தால் மருமகனுக்குச் சொல்லாமல் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: அறுகம்பையில் ஹோட்டலில் வேலை. சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா சூடாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி என்னை ஏசினார். – பொத்துவில் தம்பி

பதில்: அம்மா சொன்னது சரி. பயிற்சியில் சொன்னதும் சரிதான், அறைதான் வேறு. அந்தப் பேச்சு கல் வீட்டு ஐரோப்பாவில் வந்தது. அந்த அறை 16, 18 பாகைதான். உங்கள் பார் 31. பொஜொலே மாதிரி லேசான வைனுக்கு 13, 14 போதும். பிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வைத்து எடுங்கள், கையில் போத்தல் ஆற்றுத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருக்க வேண்டும், ஐஸ் மாதிரி அல்ல. சூடாகக் கொடுத்தால் மதுசாரம் மட்டும் மூக்கில் ஏறும், பழம் ஓடிவிடும். முதலாளிக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

கேள்வி: அவருக்குப் பிரஷர். சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று யூடியூபில் கண்டுவிட்டு நச்சரிக்கிறார். – பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, மதுசாரத்தில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குளிசை எழுதித் தந்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். யூடியூப் குளிசை தராது.

கேள்வி: நண்டுக் குழம்போடு சிவப்பு வைன் சேருமா? என் சிநேகிதன் மீனுக்கு வெள்ளைதான் என்கிறான். – காரைதீவு

பதில்: துவர்ப்புக் கூடின சிவப்பு, மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு நக்கின மாதிரி இருக்கும், சிநேகிதன் அதைத்தான் சொல்கிறார். கமேயில் துவர்ப்புக் குறைவு. பாரிசில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையில் பொரித்த இறாலோடு குடித்திருக்கிறோம், நன்றாகவே இருந்தது. நண்டுக் குழம்பு வேறு கதை. உறைப்பு மதுசாரத்தின் காரத்தைக் கிளப்பிவிடும், அப்புறம் வைனும் தெரியாது, நண்டும் தெரியாது. மட்டக்களப்பு வாவி நண்டை வாங்கி, அம்மியில் அரைத்து, முருங்கையிலை போட்டு இறக்கின பிறகு பக்கத்தில் பிரெஞ்சுப் போத்தலை வைக்க எனக்கு மனம் வராது. நான் தேசிக்காய்த் தண்ணிதான் குடிப்பேன்.