லிப் பாம் இருக்கட்டும், அப்பாவை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்

கேள்வி: குளிர்காலம் வந்தாலே என் உதடு முழுவதும் வறண்டு தோல் உரிகிறது. புதினா லிப் பாம், தேன், தனக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து), பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மருந்துக் கடையில் கொடுத்த வெள்ளைக் களிம்பு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் புற்றுநோய் வரும், லிப் பாம் பழகினால் விடவே முடியாது என்றெல்லாம் பேஸ்புக்கில் வீடியோ வருகிறது. எந்த பாம் நல்லது டாக்டர்? வயல் வேலை செய்யும் அப்பாவுக்கும் (58) இதே மாதிரிதான். கீழுதட்டில் ஒரே இடத்தில் தீபாவளியிலிருந்து பொருக்கு விழுவதும் வருவதுமாக இருக்கிறது. அவரும் என் பாமைத்தான் பூசுகிறார்.
- வாசகி, பாகோ, மியான்மர்

பதில்: இதே மாதிரி இல்லை அம்மா. குளிருக்கு வெடிக்கிற உதடு பரவலாக வெடிக்கும், இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும். ஒரே இடத்தில் பொருக்கு கட்டி, உதிர்ந்து, மறுபடி அங்கேயே கட்டுகிறது, அதுவும் தீபாவளியிலிருந்து என்றால், அதை வறட்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. புற்றுநோய் வீடியோவை உங்களைப் பார்க்க வைத்தது ஜெல்லி டப்பா அல்ல, அப்பாவின் உதடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உதட்டின் மேல்தோல் மிக மெல்லியது. வியர்வை கிடையாது, எண்ணெய்ப் பசை கிடையாது, வெயிலைத் தாங்கும் நிறமியும் குறைவு. அதிலும் கீழுதடு சற்றே மேல்நோக்கி இருப்பதால் உச்சி வெயில் நேராக அதன்மேல்தான் விழும். நெல் அறுத்த கையோடு உளுந்து விதைத்து மாசி வரை வயலில் நிற்கிறவருக்கு எத்தனை வருட வெயில் அங்கே சேர்ந்திருக்கும், யோசியுங்கள். கன்னத்துக்கு தனக்கா உண்டு, தலைக்குத் தொப்பி உண்டு, உதட்டுக்கு ஒன்றும் கிடையாது. உதட்டில் வருகிற புற்று பெரும்பாலும் கீழுதட்டில் வருவது இதனால்தான். அதற்கு முந்தைய கட்டமும் ஒன்று உண்டு. உதடும் தோலும் சேரும் கோடு மங்கிப்போகும், அங்கங்கே வெளுக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும்.

அப்பாவுக்குப் புற்றுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் ஆறாத உதட்டுப் புண் எதுவானாலும் டாக்டர் கண்ணில் பட்டாக வேண்டும், அவர் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டார்.

இன்று சாயங்காலமே ஒன்று செய்யுங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு, அவருடைய கீழுதட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எல்லா இடமும் மெத்தென்று இருந்து, பொருக்குக்கு அடியில் மட்டும் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? தாடைக்குக் கீழே, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? பொருக்கு உதிரும்போது ரத்தம் கசிகிறதா? இதில் எது இருந்தாலும் இந்த வாரமே கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றாலும் கிளம்பத்தான் வேண்டும், அறுவடையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குத்தான் சொல்கிறேன். அவர் "வலிக்கவே இல்லையே" என்பார். ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் இதில் உள்ள சூது.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். யங்கோன் போக முடியுமானால் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் காட்டுவது இன்னும் நல்லது. உதட்டுக்குப் பல் டாக்டரா என்று கேட்காதீர்கள், வாயும் உதடும் அவர்கள் பார்க்கிற இடம்தான். மரக்க ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சின்ன வேலைதான், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். பரவாது. அந்தப் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்குத்தான் பெரிய அறுவை தேவைப்படுகிறது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் உதட்டுப் புற்று நன்றாகக் குணமாகக்கூடியது.

அவர் சுருட்டுப் பிடிக்கிறாரா, குன்யா (வெற்றிலை பாக்கு) போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். "புகையிலை இல்லாமல்தான் போடுகிறேன்" என்பதும் செல்லாது. பாக்கே புற்றுண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது.

சரி, இப்போது உங்கள் உதடு. வாசனை, நிறம், புதினா எதுவும் இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி வாங்குங்கள், தேன்மெழுகு கலந்திருந்தாலும் சரி. விலை கூடினால் குணம் கூடாது. ராத்திரி படுக்குமுன் கொஞ்சம் கனமாகவும், பகலில் சாப்பிட்டு வாய் கழுவிய ஈரத்தோடும் பூசுங்கள். ஜெல்லி தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாது, அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் இதுவரை பூசிய புதினா பாம் சுருக்கென்று குளிர்ச்சியாக இருந்திருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருப்பீர்கள், உண்மையில் உதடு எரிச்சல்படுகிறது. மென்தால், கற்பூரம், பட்டை வாசனை மூன்றும் வெடித்த உதட்டுக்கு ஆகாது. எரிச்சலாகிறது, மறுபடி காய்கிறது, மறுபடி பூசுகிறீர்கள். 'விட முடியவில்லை' என்று வீடியோவில் சொல்வதன் சங்கதி இவ்வளவுதான், போதையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஜெல்லியால் புற்றுநோய் என்பதும் வீண் பயம். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த ஜெல்லி வேறு, யேனாஞ்சாங் எண்ணெய்க் கிணற்றுக் கச்சா எண்ணெய் வேறு. அந்தக் கச்சா எண்ணெயை யாரும் உங்களைப் பூசச் சொல்லவில்லை.

தனக்கா கன்னத்தோடு நிற்கட்டும், உதட்டில் அது ஈரத்தை உறிஞ்சி இன்னும் காயவைக்கும். தேனைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உதட்டில் தடவினால் நக்கத்தான் தோன்றும். நக்க நக்க எச்சில் காய்ந்து வெடிப்பு கூடும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். பி காம்ப்ளெக்ஸைத் தூக்கி வையுங்கள். வாயின் இரு மூலையும் வெடித்து ஆறாமல் இருந்தால் ரத்தசோகையும் சர்க்கரையும் பார்ப்போம், உங்களுக்கு அப்படி இல்லை.

அந்த வெள்ளைக் களிம்பின் அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. நாள்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வாயைச் சுற்றிப் பரு கிளம்பும், பூஞ்சை இருந்தால் கொண்டாட்டமாக வளரும். கடைக்காரர் கொடுத்தார் என்பதற்காகப் பூசுவீர்களா? நிறுத்துங்கள்.

ஒரே டப்பாவில் அப்பாவும் மகளும் விரல் விடுவதும் இன்றோடு போதும், உதட்டு அக்கி அப்படித்தான் ஒட்டும். வயலுக்குப் போகும்போது அவருக்கு வெயிலைத் தடுக்கிற, எஸ்பிஎஃப் 30 என்று போட்ட பாம் தனியாக வாங்கிக் கொடுங்கள், ஆனால் டாக்டர் பார்த்த பிறகு. முன்னாடியே கொடுத்தால் அதைப் பூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இன்னொன்று, அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் சீட்டை எடுத்துப் போங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்ட தோலிலும் உதட்டிலும் புற்று சற்று அதிகம் வருவதாகத் தெரிகிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சீட்டைக் காட்டினால் போதும், மாற்ற வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.