கிணற்றுமேட்டில் மூன்றாமவன்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்றில் நடக்கும் நாவலை எழுதி வருகிறேன். கணவன், மனைவி, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் கிணற்றில் விழுந்து இறந்த ஒருவனின் ஆவி ஆகிய மூவரும் அறிந்தே, ஒப்பியே காதலிக்கிறார்கள். படித்த தோழிகள் "கடைசியில் அவள் யாரோடு போகிறாள்?" என்றே கேட்கிறார்கள், ஒருத்தி கள்ளக்காதல் என்றே சொல்லிவிட்டாள். ஆவியின் வசியத்தில் அவள் மயங்கியதாக மாற்றலாமா? கணவனும் இறந்து ஆவியாவதாக முடிக்க எண்ணம். சுருக்கத்தை இணைத்துள்ளேன்.

ம., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வசியம் வேண்டாம். மயங்கியவளுக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. மூவரின் சம்மதம் போனால் நீங்கள் எழுத நினைத்த கதையும் போய்விடும். லாரல் கே. ஹாமில்டன் ஆங்கிலத்தில் எழுதும் அனிதா பிளேக் என்ற அமானுஷ்ய நாவல் தொடர் 1993இல் தொடங்கியது. 2001இல் வந்த அதன் பத்தாம் நூலில் நாயகிக்கு அடக்கவியலாத அமானுஷ்யக் காமப்பசி ஒன்று வந்து சேர்கிறது. துணைவர்கள் பெருக அது வசதியான காரணம்தான். ஆனால் விருப்பத்தால் அணைக்கிறாளா, பசியாலா என்ற ஐயம் அதன்பின் தீர்வதே இல்லை என்பது என் எண்ணம்.

தோழிகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முக்கோணக் காதல் கதை "யாரை ஏற்பாள்" என்ற ஒரே எதிர்பார்ப்பில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறொன்றையும் வைக்காவிட்டால் வாசகர் பழைய கேள்வியைத்தான் கேட்பார். பாரதத்தில், திலோத்தமையின் பொருட்டுச் சுந்தனும் உபசுந்தனும் ஒருவரையொருவர் கொன்று மாண்ட கதையை நாரதர் சொல்ல, பாஞ்சாலியோடு ஒருவர் தனித்திருக்கையில் மற்றவர் உள்ளே வந்தால் பன்னிரண்டு ஆண்டு வனம் போகவேண்டும் என்று ஐவரும் உடன்படுகிறார்கள். அந்தணரின் பசுக்களை மீட்க ஆயுதம் எடுக்கப்போன அர்ச்சுனன் அதை மீற நேர்கிறது. தருமன் குற்றமில்லை என்று தடுத்தும் அவன் கிளம்பிவிடுகிறான். உலூபி, சித்திராங்கதை, சுபத்திரை கதைகளெல்லாம் அந்த ஒரு மீறலிலிருந்து வந்தவை. (பாஞ்சாலியை யாரும் கலந்துகொள்ளவில்லை என்பது தனி வழக்கு.) பொறாமை இல்லாத உத்தமர்களாக அவர்களைப் படைக்காமல், பொறாமைக்கு ஒரு விதியும் விதிக்கு ஒரு தண்டனையும் வைத்ததால் கதை நடக்கிறது.

உங்கள் ஆவிக்கும் ஓர் எல்லை வேண்டும். கிணற்றுமேட்டைத் தாண்டி அவனால் வரமுடியாது என்று வையுங்கள். மூவர் என்றால் மூன்று இணைகள் உண்டு. உங்கள் சுருக்கத்தில் அவளைச் சார்ந்த இரண்டுதான் இருக்கின்றன. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாளில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டப் போகிறவன் கணவன்தானே? வடக்கயிறும் நீர் மொள்ளும் சாலுமாகக் கவலை மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டியவன், சுவிட்சைத் தட்டியதும் வாய்க்கால் நிறைவதைப் பார்த்து அந்தக் கணவனிடம் என்ன சொல்வான்? இந்த உரையாடலை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டால் கள்ளக்காதல் என்ற பேச்சு எழாது. ஒளிவுமறைவு இருந்தால்தானே அது கள்ளம்.

கொங்கில் அவரவர் தோட்டத்துக்குள் தனித்தனியே குடியிருப்பதால் அக்கம்பக்கத்துக் கண் குறைவு. உங்கள் பாத்திரங்களுக்கு அது வசதி, கதைக்கு நட்டம். ஆகவே அவளை உறவுக்கூட்டத்தின் நடுவே நிறுத்துங்கள். தம்பியின் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கைச் செய்ய அவள் மணவறைக்கு வரும்போது, ஊரறிந்த துணையாகக் கணவன் மட்டும் பந்தலில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பான். திரும்பி வந்தவளிடம் கிணற்றுமேட்டிலிருப்பவன் கல்யாணத்தைப் பற்றி எதை விசாரிப்பான், எதை விசாரிக்காமல் விடுவான் என்பதற்கு ஓர் அத்தியாயம் முழுதும் கொடுக்கலாம்.

முடிவுக்காகக் கணவனைக் கொல்லாதீர்கள். அவனும் ஆவியானால் இருவரும் கிணற்றுமேட்டில் சரிநிகராகிவிடுவார்கள், நீங்கள் பாடுபட்டு வைத்த எல்லைக்கு வேலை இல்லாமல் போகும். அவளுக்கும் கணவனுக்கும் ஐம்பது வயதாகட்டும். இறந்த வயதிலேயே நிற்பவன் அவர்களுக்கு மகனைப் போலத் தோன்றத் தொடங்கும் சங்கடத்தைத் தட்டிக்கழிக்காமல் எழுதுங்கள். நாவலை அங்கே முடிக்கலாம்.