வாத்தியக் குழுவுக்கு இசை உருப்படி தேடித் தருமா செயற்கை நுண்ணறிவு?

கேள்வி: 6 வயலின், 2 கிளாரினெட், 1 மிருதங்கம் கொண்ட எங்கள் பாடசாலைக் குழுவுக்கான உருப்படிகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுத் தெரிவு செய்யலாமா?
– இசை ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இல்லாத உருப்படியின் பெயரையும் அது கூசாமல் சொல்லிவிடக்கூடும் என்பதால், ஸ்வரப் பிரதி கையில் கிடைக்கும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். கிளாரினெட்டைத்தான் முதலில் கவனிக்கவேண்டும்: பி-பிளாட் கிளாரினெட் எழுதிய ஸ்வரத்தைவிட ஒரு முழுத்தொனி தாழ்ந்து ஒலிப்பதால், வயலின்கள் டி மேஜர் என்ற ஸ்வரவரிசையில் வாசிக்கையில் அதற்கு ஈ மேஜரில், அதாவது 4 ஷார்ப்புகளுடன் (ஸ்வரத்தை அரைத்தொனி உயர்த்தும் குறிகள்), எழுதவேண்டியிருக்கும், தொடக்கநிலைப் பிள்ளைக்கு இது பெரும்பாடு. வயலின்கள் சீ மேஜரில் வாசித்தால் கிளாரினெட்டுக்கு 2 ஷார்ப்புகளே. மோகனம் போன்ற 5 ஸ்வர இராகங்களில் அமைந்த உருப்படிகளையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் சுருதியையும் மறவாமல் குறிப்பிடுங்கள். மேடையேறிய பின் அதை மாற்றுவது இலகுவன்று.