பட்டியல்ல விட்டுப்போன எண்

அன்புள்ள சார்,
ராமானுஜன் 1915ல எழுதின கட்டுரையில 6746328388800ன்னு ஒரு எண் இருக்காம், அதுக்கு 10080 காரணிகளாம், என் பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்தா. இத்தனையை யார் உக்காந்து எண்ணினது? நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னதுதானே? இதால இன்னைக்கு என்ன பிரயோஜனம்?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரயோஜனத்தை விடுங்க. எண்ணவே வேண்டாம். 12ங்கிறது 2×2×3. ரெண்டை எடுக்காம விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், ரெண்டு தடவை எடுக்கலாம், மூணு வழி. மூணை எடுக்கலாம், விடலாம், ரெண்டு வழி. ஆக ஆறு காரணி. உங்க பொண்ணு சொன்ன எண்ல 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5ம் 7ம் ரெண்டு ரெண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. ஆறு தடவை வந்தா ஏழு வழி, நாலு தடவை வந்தா அஞ்சு வழி, அப்படியே 7×5×3×3 போட்டு அஞ்சு தடவை ரெண்டால பெருக்குங்க, 10080 வந்துடும். இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணி கிடையாது.

எங்க அத்தை புளி தட்டுற நாள்ல கொட்டையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு வரிசை கட்டச் சொல்லுவா. 60 கொட்டையை ரெண்டு ரெண்டா, மூணு மூணா, நாலு, அஞ்சு, ஆறுன்னு எப்படி வச்சாலும் மிச்சம் வராது, ஒண்ணு கூடப் போட்டு 61 ஆக்கினா எப்படி மடக்கினாலும் ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கும். மூணாம் கிளாஸ் தாண்டாத அத்தை, "அறுபது நல்ல மனசுக்காரன்டா, எத்தனை பேர் வந்தாலும் பங்கு போட்டுக் குடுப்பான்"னு சொல்லுவா. 60க்குக் கீழ எந்த எண்ணுக்கும் 12 காரணி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சது ரொம்ப வருஷம் கழிச்சுதான்.

கனவுன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. அம்பாள் மேல அவருக்கு இருந்த பக்தி அவரோடது, அதை நான் தொடமாட்டேன். ஆனா தன்னைவிடச் சின்ன எந்த எண்ணையும்விட அதிகக் காரணி இருக்குற எண்களை அந்தக் கட்டுரையில அவர் பட்டியல் போட்டிருக்கார், அதைப் பாருங்க சார், அதுல ஒரு எண் விட்டுப்போயிருக்கு. 293318625600, காரணி 5040. உங்க பொண்ணு சொன்ன எண்ணை 23ஆல வகுத்தா இதுதான் வரும், அவ்வளவு பக்கத்துல இருந்தும் விட்டுட்டார். தாயார் சொல்லச் சொல்ல எழுதியிருந்தா விட்டுப்போகுமா? கும்பகோணத்துல பேப்பர் வாங்கக் காசில்லாம ஸ்லேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சுப் பழகின மனுஷன் சார், கைக்கணக்கு போடுறவனுக்குத்தான் ஒண்ணு தவறும். இந்த மாதிரி எண்கள்ல பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு, அதாவது அது எத்தனை தடவை வருதுங்கிறது, ஏறவே ஏறாது, கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும், 4ம் 36ம் மட்டும் விலக்குன்னு வரிக்கு வரி நிரூபிச்சு வச்சிருக்கார், 1916ல கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் குடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். இத்தனை உழைப்பையும் ஒரே வார்த்தையில கனவுன்னு தள்ளிட்டுப் போயிடுறீங்க, அப்புறம் உங்க பொண்ணு தனக்கு அப்படிக் கனவு எதுவும் வரலியே, அப்போ கணக்கு நமக்கு இல்ல போலன்னு நெனச்சுக்கும். அதைச் செய்யாதீங்க.

கொண்டக்கடலையை எண்ணி 60 எடுத்துக்கிட்டு அவளோட தரையில உக்காருங்க. அப்புறம் போனைத் தொடாம அந்தப் பெரிய எண்ணை 23ஆல வகுக்கச் சொல்லுங்க, ராமானுஜன் விட்ட எண் அவ நோட்டுல வந்து நிக்கும்.