டெய்ரி டெக்னாலஜி கேட்கும் பையனும் கவலைப்படும் அம்மாவும்

"பையன் பி.டெக். டெய்ரி டெக்னாலஜி சேரப் போகிறேன் என்கிறான். பால் கறக்கவா நாலு வருஷம் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். இது பால் கறக்கும் படிப்பல்ல, ஆலையில் பாலைப் பதப்படுத்தும் படிப்பு. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலேயே தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் இருக்கும். நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு, உப்பு சேர்ந்த மிச்சத்தை வெளியே விடுகிறோம். பால் ஆலையில் அது தலைகீழ். அங்கே மிச்சம்தான் சரக்கு. சீஸ், பனீர் செய்தபின் நிற்கும் 'வே' நீரில் திடப்பொருள் ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் நீராவிச் செலவு எகிறும். ஆர்.ஓ. மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளினால், கொதிக்க வைக்காமலே மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீர் கழிந்து, திடப்பொருள் 18 சதவீதத்துக்கு வந்துவிடும். மீதியை எவாப்பரேட்டர், அதாவது கொதிக்க வைத்து வற்றவிடும் கருவி, பார்த்துக்கொள்ளும். 1960 வாக்கில் கலிபோர்னியாவில் லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்க உருவாக்கிய மெம்பரேனிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது.

வேலை எப்படி இருக்கும்? ராத்திரி ஷிஃப்ட் என்று வையுங்கள். மெம்பரேனில் வடியும் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. படிந்தது புரதமா, கால்சியம் பாஸ்பேட்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். புரதத்துக்குக் காரம், கால்சியத்துக்கு அமிலம். கழுவிய பிறகு வெறும் தண்ணீரை ஓட்டி, பழைய வேகம் திரும்பியதா என்று அளக்க வேண்டும். கழுவும் தண்ணீரில் குளோரின் இருந்துவிட்டால் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகையால் ஆன மெம்பரேன் கெட்டுப்போகும். கெட்டால் திரும்ப வராது, மாற்றத்தான் வேண்டும். கெமிஸ்ட்ரியும் மெஷினும் சேர்ந்தே பிடிக்கும் பையனுக்குத்தான் இது ஒத்துவரும். ஈரத் தரை, புளித்த வாடை, ஷிஃப்ட் இதெல்லாம் ஆகாது என்றால் இப்போதே சொல்லிவிடட்டும். ஐ.டி. கம்பெனி ஏ.சி.யை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆவின், தனியார் பால் ஆலைகள் மட்டும்தான் கதி என்றும் நினைக்காதீர்கள். மெம்பரேன் தெரிந்தவன் பழச்சாறு, மருந்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று எங்கும் போகலாம். உங்களுக்கு அரசு வேலை மீது ஆசை இருக்குமே? உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான தகுதிப் படிப்புகளில் டெய்ரி டெக்னாலஜியும் உண்டு. மேற்படிப்புக்கு ஹரியானாவின் கர்னாலில் தேசிய பால் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உள்ளது. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மெம்பரேன் யூனிட் இருக்கிறதா, அதை மாணவர்களே ஓட்டிக் கழுவுகிறார்களா, ஆலைப் பயிற்சி எத்தனை மாதம் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள்.