எந்தத் திரைக்கு வடிவமைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கோவையில் 2002-லிருந்து இணையதளம் வடிவமைப்பதுதான் என் தொழில். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: என் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது, வேறு ஆள் திறந்தால் கலைந்துபோகிறது. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இதையே பேசலாம்.

கேள்வி: அக்கா, விருதுநகரில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு ஓர் இணையதளம் செய்கிறேன். எங்கள் லேபில் 1366×768 மானிட்டர். நண்பனின் லேப்டாப் 1920×1080. என் போன் 1080×2400. எந்த ரெசல்யூஷனுக்கு டிசைன் செய்வது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா?

பதில்: தனித்தனியாக வேண்டாம் தம்பி. ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு அதற்கென்றே செய்வதும் வேண்டாம்.

நான் தொழிலுக்கு வந்தபோதும் இதே கேள்விதான், எண்கள்தான் வேறு. சிலரிடம் 800×600, சிலரிடம் 1024×768. ஸ்க்ரோல் பாருக்கு இடம் விட்டு 760 பிக்சல் அகலத்தில் பக்கத்தைக் கட்டுவோம். அப்புறம் அது 960 ஆனது. பக்கத்தின் அடியில் '800×600-ல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். எத்தனையோ தளங்களில் நானும் அதைப் போட்டிருக்கிறேன்.

2011-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தளம் செய்து கொடுத்தேன், 960 அகலத்தில். ஒப்படைக்கப் போன அன்று அங்கே சரக்கு பார்க்க வந்திருந்த ஒருவர் தன் போனில் அதைத் திறந்தார். பெரிதாக்கினார், இடமும் வலமும் நகர்த்தினார், தொடர்பு எண்ணைத் தேடினார். கடைசியில் போனை மேசையில் வைத்துவிட்டு, 'உங்க நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்' என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தளத்தை முதலிலிருந்து திரும்பச் செய்ய ஆரம்பித்தேன்.

வழி அப்போதே வந்துவிட்டிருந்தது. 2010 மே மாதம் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். அகலங்களைப் பிக்சலில் பூட்டாமல் விகிதத்தில் கொடுப்பது, படங்கள் தங்கள் பெட்டிக்கு ஏற்பச் சுருங்குவது, திரையின் அகலத்தைக் கேட்டு அமைப்பை மாற்றும் மீடியா க்வெரி ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன். இன்று நாம் செய்வதெல்லாம் அதன் மேல் எழுந்ததுதான்.

உன் போன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் 1080×2400 என்று போட்டிருந்தாலும், இணையப் பக்கத்திடம் அது தன் அகலத்தைப் பெரும்பாலும் 360 அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட என்றுதான் சொல்லும். அகலவாக்கில் ஏறக்குறைய மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் பிக்சலாகக் கணக்கு வைக்கிறது (சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி); இல்லையென்றால் எழுத்தெல்லாம் கடுகளவுக்குப் போய்விடும். 2010-ல் ஐபோன் 4 வந்தபோது திரையின் புள்ளிகள் 640×960 என்று இரட்டிப்பானாலும், பக்கத்துக்குத் தெரிந்த அகலம் பழைய 320-தான். ஆகவே விளம்பரத்தில் வரும் ரெசல்யூஷனைப் பார்த்துக் குழம்பாதே.

நான் செய்யும் முறை இது. 320 அகலத்தில் தொடங்குவேன். அங்கே எல்லாம் ஒரே நெடுக்காக, வரிசையாக வந்து நிற்கும். பிறகு அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பெரிதாக்குவேன். குரோம் ஜன்னலை ஓரளவுக்குக் கீழே சுருக்க முடியாது, எஃப்12 அழுத்தி வரும் டெவலப்பர் டூல்ஸில் போன் படத்தைத் தட்டிக்கொள். இழுத்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் வரி நீண்டு கண்ணுக்குக் களைப்பாக இருக்கும், அல்லது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடம் வெறிச்சென்று கிடக்கும். அந்த இடத்தில் மீடியா க்வெரி போடு. அது 612 ஆக இருந்தாலும் சரி, 847 ஆக இருந்தாலும் சரி. 768, 1024 என்று பழைய டேப்லெட் அளவுகளை மனப்பாடம் செய்து போடுவதை நிறுத்திவிடு. உன் பக்கம் எங்கே உடைகிறதோ அதுதான் உன் எண்.

320-ஐ ஏன் விடாமல் சொல்கிறேன் தெரியுமா? 1280 அகல மானிட்டரில் ஒருவர் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கினால் மிஞ்சுவது 320. கண் பார்வை குறைந்தவர்களுக்காக, இணையத்தின் தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எழுதிய விதிகளிலேயே இது இருக்கிறது: அந்த அளவிலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். உன் லேபில் கடைசி நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒருவர் இருப்பார். அவருடைய பெரிய மானிட்டரும் ஒருவகையில் சின்னப் போன்தான்.

கேள்வி: மேடம், காரைக்குடியில் முறுக்கு, சீடை, அதிரசம் செய்து விற்கிறோம். ஒருவரிடம் பணம் கொடுத்து வெப்சைட் செய்தோம். போனில் திறந்தால் பக்கம் முழுவதும் குட்டியாகத் தெரிகிறது. ஆர்டர் படிவத்தில் பெயர் எழுதத் தொட்டால் ஐபோனில் மட்டும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடுகிறது. விலைப்பட்டியலில் பாதி திரைக்கு வெளியே போகிறது.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகள், மூன்றுமே சின்னவை.

குட்டியாகத் தெரியக் காரணம், பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்க வேண்டிய 'வியூபோர்ட்' என்ற ஒரு வரி இல்லாததுதான். அது இல்லையென்றால் போன் உங்கள் தளத்தைக் கம்ப்யூட்டருக்கென்று செய்த பழைய பக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஐபோனாக இருந்தால் 980 பிக்சல் அகலத்துக்கு விரித்து, பிறகு திரைக்குள் சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்க்கும்போது விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் கட்டளையையும் சிலர் கூடவே போட்டுவிடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களிடம் பலகாரம் வாங்கும் பெரியவர்களுக்கு அது தேவை.

படிவம் பெரிதாவதற்குக் காரணம், எழுதும் கட்டத்தில் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருப்பது. ஐபோனின் சஃபாரி அதைப் படிக்கச் சிரமம் என்று கருதித் தானே பெரிதாக்குகிறது. 16 ஆக்கினால் நின்றுவிடும்.

விலைப்பட்டியல்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பலகாரம், கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ, எத்தனை நாள் கெடாது, ஆர்டர் பட்டன் என்று ஆறு பத்திகள் வைத்திருக்கிறீர்கள். 360 அகலத்தில் ஆறு பத்திகள் நிற்காது. போனில் மட்டும் ஒவ்வொரு பலகாரமும் ஒரு தனி அட்டையாக மாறட்டும்: மேலே 'தேன்குழல்', கீழே மூன்று எடைகளும் விலைகளும், அதற்கும் கீழே விரல் தாராளமாகப் படுகிற பட்டன். ஆப்பிள் 44, கூகுள் 48 என்று பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவு சொல்கின்றன. மாவு பிசைந்த கையோடு நீங்களே தட்டிப் பாருங்கள், எது போதும் என்று தெரிந்துவிடும்.

கடிதத்தில் இல்லாத இன்னொன்று. போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், 4000 பிக்சல் அகலத்தில். அதே படத்தை 400, 800, 1600 என்று மூன்று அளவில் வைத்து, எது வேண்டும் என்று பிரவுசரே தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். செய்து கொடுத்தவரிடம் 'எஸ்ஆர்சிசெட்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

கேள்வி: திருச்சியில் ஃப்ரீலான்சராக இருக்கிறேன். குரோமில் பார்த்துப் பார்த்துச் செய்த முகப்புப் பக்கத்தில், அடியில் உள்ள பட்டன் ஐபோனில் மறைந்துபோகிறது. ஐபோனில் குரோமையே இன்ஸ்டால் செய்து பார்த்தேன், அதிலும் மறைகிறது. ஆண்ட்ராய்டு போன் இல்லாததால் அதில் பார்க்கவில்லை. என்ன காரணம்?

பதில்: ஐபோனில் இருக்கும் குரோம், பெயரில்தான் குரோம். உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின். எஞ்சின் என்றால் பக்கத்தைப் படித்துத் திரையில் வரைகிற உள்நிரல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் விதி தளர்ந்தது, நம் ஊரில் எந்த பிரவுசர் போட்டாலும் ஐபோனில் வெப்கிட்தான். இன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டிய எஞ்சின்கள் மூன்று: குரோம், எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் பிளிங்க், ஆப்பிளுடையது வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோ. பிரவுசர் பெயர்களை எண்ணினால் தலை சுற்றும், எஞ்சின்களை எண்ணுங்கள்.

உங்கள் பட்டன் மறைவது, பக்கத்தின் உயரத்தை 100விஎச், அதாவது திரையின் முழு உயரம், என்று கொடுத்திருப்பதால். போனில் முகவரிப் பட்டை சுருங்கும், விரியும். 100விஎச் என்பது பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரம். முதலில் திறக்கும்போது பட்டை விரிந்து நிற்பதால், அடியில் உள்ளது அந்த அளவுக்குக் கீழே போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமிலும் இதேதான், உங்கள் கண்ணில் படவில்லை. இதற்கென்றே எஸ்விஎச், எல்விஎச், டிவிஎச் என்று புது அலகுகள் 2022-ல் மூன்று எஞ்சின்களிலும் வந்துவிட்டன. பட்டனைக் காட்டத்தான் வேண்டும் என்றால் 100எஸ்விஎச் போடுங்கள், அது பட்டை விரிந்திருக்கும்போது மிஞ்சும் சின்ன உயரம். அதற்கு முந்தின வரியில் பழைய 100விஎச்-சும் இருக்கட்டும். புதியது தெரியாத பிரவுசர் அந்த வரியைத் தாண்டிவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்ளும். தெரியாததைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப்போகிற குணம் சிஎஸ்எஸ்-ஸில் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய போனுக்கும் புதிய போனுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுக்க முடிவது அதனால்தான்.

டெவலப்பர் டூல்ஸில் 'ஐபோன்' என்று தேர்ந்தெடுத்துப் பார்ப்பதை முழுதாக நம்பாதீர்கள். அது திரையின் அளவு மாதிரியானவற்றைத்தான் போலச் செய்து காட்டுகிறது. வரைவது குரோமின் எஞ்சின்தான். என் மேசை இழுப்பறையில் திரை கீறிய ஒரு பழைய ஆண்ட்ராய்டு, 320 அகலம் உள்ள முதல் ஐபோன் எஸ்இ, ஒரு ஜியோபோன், ஒரு டேப்லெட் எப்போதும் சார்ஜோடு இருக்கும். இவ்வளவும் வாங்க வேண்டாம். உங்களுக்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போதும், தெரிந்தவர் யாரிடமாவது பத்து நிமிடம் கேட்டு வாங்கினாலும் போதும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு இணையத்தளம் அமைத்தோம். ஆங்கிலப் பக்கம் ஒழுங்காக இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் தலைப்புகளின் மேற்பகுதி வெட்டுப்படுகிறது, கைத்தொலைபேசியில் சொற்கள் பெட்டியைத் தாண்டி வெளியே போகின்றன. பிழை தமிழிலா, தளத்திலா?

பதில்: தளத்தில்தான் ஐயா. நீங்கள் எடுத்த டெம்ப்ளேட்டை ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் எனக்குத் தகும்.

நம் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். 'கீ'யின் சுழி மேலே போகிறது, 'மூ' கீழே இறங்குகிறது. ஆங்கிலத் தலைப்புக்கு வரி உயரம் 1.1 என்று வைத்து, பெட்டியின் உயரத்தையும் பூட்டி, மிஞ்சியதை மறைத்துவிடு என்று எழுதியிருப்பார்கள். அங்கேதான் தலை வெட்டுப்படுகிறது. தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.7 அளவில் லைன்-ஹைட் கொடுக்கச் சொல்லுங்கள். பூட்டிய உயரங்களை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் 'மெம்பர்ஸ்' என்று முடிகிற மெனு நமக்கு 'உறுப்பினர்களுக்கு' என்று நீள்கிறது. 'கலந்துகொள்கிறவர்களுக்கு' என்று தலைப்பு வைத்தால் 320 அகலத்தில் பெரிய எழுத்தில் அது ஒரு வரியில் அடங்காது, நடுவில் இடைவெளியும் இல்லை. 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற கட்டளை வேறு வழியில்லாதபோது சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும். ஆனால் அதற்கு முன்னால் தலைப்பின் எழுத்தளவைப் போனில் குறையுங்கள், மெனுவை மடித்து வைக்க விடுங்கள். கண்ட இடத்தில் உடைந்த தமிழ்ச் சொல்லைப் படிப்பது கஷ்டம்.

மூன்றாவது எழுத்துரு. எதையும் குறிப்பிடாமல் விட்டால் விண்டோஸ் 'நிர்மலா' என்ற எழுத்துருவில் காட்டும், ஆப்பிள் 'தமிழ் சங்கம்' என்பதில், ஆண்ட்ராய்டு 'நோட்டோ'வில். மூன்றும் ஒரே 16 பிக்சலில் வெவ்வேறு பருமனில் தெரியும். அதனால் ஓர் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம். இணையத்துக்கென்று சுருக்கிய வாஃப்2 கோப்பு வடிவில், சாதாரணம், தடிமன் இரண்டு மட்டும். அது வந்து சேரும்வரை கருவியில் இருக்கும் எழுத்துருவில் காட்டும்படி 'ஸ்வாப்' போடச் சொல்லுங்கள், இணைப்பு மெதுவான இடத்தில் வெற்றுப் பக்கத்தை யாரும் பார்க்க வேண்டாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கவும் மறக்காதீர்கள், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வேண்டும்.

தமிழுக்காக நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2002-ல் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியீடு. எக்ஸ்ப்ளோரருக்கென்று தானிறங்கி எழுத்துரு வைத்தால் வேறு பிரவுசரில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட் வந்த பிறகும் போன்களில் தமிழ் வரவில்லை. ஓபரா மினி என்ற போன் பிரவுசரின் அமைப்புக்குள் போய், எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும் ஒரு விருப்பத்தை இயக்கித்தான் படித்தோம். இன்று எந்தப் போனிலும் தமிழ் வருகிறது. அது நன்றாகவும் வரட்டும் ஐயா, உங்கள் மாணவர்களில் யாராவது ஒருவரை உட்கார வைத்து இந்த மூன்றையும் திருத்திவிடுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இன்னும் கவனிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 11-ஆம் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. அதற்கு ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொல்கிறேன். பெட்டியின் அகலத்துக்குள்ளேயே உள்விளிம்பையும் கரையையும் சேர்த்துக் கணக்கிட்டது என்று 5-ஆம் பதிப்பைத் திட்டித் தீர்த்தோம். இன்று எல்லாத் தளத்திலும் முதல் வரியாக 'பார்டர்-பாக்ஸ்' என்று எழுதி அதே கணக்கைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

அந்த நேரத்தை ஜியோபோன் மாதிரிச் சின்னக் கருவிகளுக்குச் செலவிடுங்கள். அதன் திரை 240×320, தொடுதிரை இல்லை, விசையை அழுத்தித்தான் நகர வேண்டும். உங்கள் தளத்தின் வடிவம் அதில் அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. முகவரியும் போன் நம்பரும் படத்துக்குள் இல்லாமல் எழுத்தாக இருக்கட்டும், நம்பரைத் தேர்ந்தெடுத்தால் அழைப்பு போகட்டும்.